ஒரு பழைய குற்றத்தின் வேகம்

மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு இறங்கும் பாதையில் பாதி தூரம் வந்திருந்தேன். தோளில் ஒரு கம்பளி, கம்பளிக்குள் ஒரு தகரக் குவளை. ஏலக்காய்த் தோட்டத்தில் காய்ச்சல்காரனுக்கு வேலை கிடையாது. எனக்குக் காய்ச்சல் வந்திருந்தது. கங்காணி நல்ல மனிதர். "குணமானதும் வாப்பா" என்றார். எங்கே போய்க் குணமாவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அட்டை கடித்துக் கால்கள் வீங்கியிருந்தன. வீங்கிய கால் இறக்கத்தில் நன்றாகவே ஓடும். நிற்கத்தான் வராது.

அந்தப் பாதையின் அடிவாரத்தில் எனக்குக் கிடைத்த வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அண்மையில் சில இளைஞர்கள் மலையில் ஏதோ புதுக் கருவியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். பாறை நகர்ந்தால் அதுவே குறித்துக்கொள்ளுமாம், ஆளே வேண்டாமாம். நானும் அந்த வேலை பார்த்தவன் என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்து, அந்தக் காலத்தில் எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயால் சொன்னபோது முக்கியமான இடங்களிலெல்லாம் சிரித்தார்கள். எழுதினால் அப்படிச் சிரிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எண்கள் வாசிப்பேன், எழுத்து அப்போது கூட்டிக் கூட்டித்தான் வரும். கம்பத்தில் வண்டி ஓட்டினேன். போடிக்கு ரயில் பாதை போட்டபோது மண் சுமந்தேன். பழனிசெட்டிபட்டியில் ஒரு கடையில் மூட்டை தூக்கினேன். பிறகு மலைக்குப் போனேன். எந்த இடத்திலும் ஒரு மழைக்கு மேல் தங்கியதில்லை. அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அடிவாரத்தில் ஒரு பாறைமேல் கறுத்த, ஒல்லியான ஒருவர் கால்சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறையுமாகக் குனிந்து, கையில் சின்னச் சுத்தியலோடு, கல்லைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றார். கோட்டுப் போட்டவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, ஒனக்குக் குடை பிடிக்கத் தெரியுமா?"

"மழை இல்லையேங்க."

"மழைக்கில்லடா. கருவிக்கு. அதுமேல வெயில் படக்கூடாது."

"பிடிப்பேங்க."

"கை நடுங்குதே?"

"காய்ச்சலுங்க. சாயங்காலந்தான் வரும். காலையில நடுங்காது."

அதை அவர் இங்கிலீஷில் மற்றவரிடம் சொன்னார். அவர் என் கையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அளக்கிற வேலையெல்லாம் அதிகாலையில்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் காய்ச்சலும் அவருடைய வேலையும் நேரத்தில் மோதிக்கொள்ளவில்லை.

சுத்தியல்காரர் வங்காளத்திலிருந்து வந்த நிலவியல் அதிகாரி, எங்களுக்கு ஐயா. அவருக்குத் தமிழ் தெரியாது. கோட்டுப் போட்டவர் தோட்டத்து ரைட்டர் செல்வநாயகம். மதுரையில் படித்தவர், துணைக்கும் மொழிபெயர்ப்புக்கும் அனுப்பப்பட்டவர். விஷயம் இதுதான். மலைமேல் உள்ள தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து, ஓடைத் தண்ணீரைப் பெரிய இரும்புக் குழாயில் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். குழாய் வருகிற வழியில் மலை ஒரு காலத்தில் முறிந்து, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விட்டுச் சறுக்கியிருக்கிறது. முறிந்த கோடு வெடிப்பாக இன்றும் தெரியும். முறிவு அன்றோடு நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா, நகர்ந்தால் வருஷத்துக்கு எவ்வளவு என்று தெரியாமல் குழாய் போட முடியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஐயா வந்திருந்தார்.

இதை முதலில் அடிவாரத்து ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஐயா விரும்பினார். சொல்லாமல் பாறையில் துளை போட்டால் புதையல் எடுக்கிறார்கள் என்று நினைப்பார்கள் என்பது அவருடைய அனுபவம். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் ஆட்கள் கூடினார்கள். ஐயா நாலு வாக்கியம் பேசினார். ரைட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த மலையில ஒரு குற்றம் இருக்கு. அது மேல இருந்து கீழ வரைக்கும் ஓடுது. இன்னும் நகருதா, நகந்தா எம்புட்டு வேகமா வருதுன்னு அளக்க ஐயா வந்திருக்காக."

நாட்டாமைதான் கேட்டார்.

"யாரு செஞ்ச குத்தமுங்க?"

ரைட்டர் ஐயாவிடம் கேட்டுச் சொன்னார். "யாரும் செய்யலையாம். ரொம்பப் பழசாம்."

"எம்புட்டுப் பழசு?"

"மனுசன் பொறக்கறதுக்கு முந்தியே உண்டானதாம்."

"அப்ப சாமி குத்தம்" என்றார் நாட்டாமை.

கூட்டம் அமைதியானது. ஐயாவுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது. விஞ்ஞானத்தை இவ்வளவு மரியாதையாகக் கேட்ட ஊரை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார்.

திரும்பி வரும்போது நான் ரைட்டரிடம், "வெடிப்புன்னு சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

"ஐயா சொன்னது ஃபால்ட்டு. அகராதியில ஃபால்ட்டுன்னா குற்றம்னுதான்டா போட்டிருக்கு. வெடிப்புக்கு வேற இங்கிலீஷ் இருக்கு. நீ குடையப் பிடி."

அளக்கும் முறையை இளைஞர்கள் விவரமாகக் கேட்டதால் சொல்கிறேன். வெடிப்புக்கு இரண்டு பக்கமும் பாறையில் துளையிட்டுப் பித்தளைக் குமிழ்களைச் சிமெண்டு வைத்துப் பதித்தோம். மேலே ஒரு ஜோடி, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொரு குமிழின் தலையிலும் ஊசி முனை அளவு பள்ளம். ஓர் எஃகுச் சட்டத்தின் இரண்டு முனைகளையும் அந்தப் பள்ளங்களில் உட்காரவைத்து, திருகைத் திருகி, இடைவெளியை வாசிக்க வேண்டும். மயிரிழையைக் கூறுபோட்டது போன்ற கோடுகள் அதில் உண்டு. இது போக ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு ஓரமும் சிமெண்டில் பிடிக்கவைத்திருந்தோம். பாறை துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும்.

சூரியன் பாறைமேல் ஏறுவதற்கு முன் அளக்க வேண்டும். எஃகு சூட்டில் நீளும், பாறையும் நீளும். எது எவ்வளவு நீண்டது என்று பிறகு சண்டை போட முடியாது. ஐயா ஒருதரம் வாசிப்பார், வாய் திறக்கமாட்டார். பிறகு ரைட்டர் வாசிப்பார், அவரும் சொல்லக்கூடாது. எனக்கு எண் தெரியும் என்று தெரிந்த பிறகு நானும் வாசித்தேன். அப்புறம்தான் மூவரும் சொல்ல வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஐயா யாரையும் திட்டமாட்டார், தான் வாசித்ததுதான் சரி என்றும் சொல்லமாட்டார். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொல்வார்: "மறுபடி." சட்டத்தை எடுத்துத் துடைத்து முதலிலிருந்து தொடங்குவோம். ஆடிக் காற்றில் குடையோடு நானும் ஆடுவேன். காற்று நின்றதும், "மறுபடி." ஊரில் அவருக்கு மறுபடி ஐயா என்றே பெயராகிவிட்டது. கருவி பெட்டிக்கு வெளியே இருக்கிறவரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் ஒரு தகர டப்பாவைத் திறந்து, பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து, எங்களுக்கும் கொடுப்பார். அந்த எண்ணெயின் காரம் மூக்கில் ஏறும். ரைட்டர் வேண்டாம் என்பார். நான் சாப்பிட்டேன்.

மாதம் ஒருமுறை ஐயா வந்து அளந்தார். மற்ற நாட்களில் குமிழ்களை மாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பாறை நகரவில்லை. அடுத்த மாதமும் நகரவில்லை. நகராத ஒன்றைக் காவல் காப்பது வண்டி ஓட்டுவதைவிடச் சுலபம் என்று நினைப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஊருக்கு அப்படி இல்லை. வெடிப்பு மண்ணுக்குள் மறைகிற இடங்களில், கோடு எங்கே போகிறது என்று தெரிய, ஐயா கற்களில் சுண்ணாம்பால் குறி போட்டுவைத்திருந்தார். குறிகள் கரட்டு மேட்டில் இறங்கி, முள்காட்டைத் தாண்டி, ஊரின் ஓரத்துக்கு வந்தன. கடைசிக் குறி பேச்சியம்மாள் வீட்டுப் பின்புறப் பாறையில் இருந்தது. அதற்கப்பால் வயல், பாறை கிடையாது, அதனால் குறியும் இல்லை. ஊர் வேறு மாதிரி வாசித்தது. குத்தம் மலையிலிருந்து புறப்பட்டுப் பேச்சியம்மாள் வீட்டில் வந்து நின்றிருக்கிறது.

பேச்சியம்மாள் குச்சனூரில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் வேண்டாம் என்று தானே திரும்பி வந்தவள். பெற்றவர்கள் இல்லாத வீட்டில் தனியாக இருந்தாள். வண்டிக்காரர்களுக்கு இட்லி சுட்டு விற்றாள். நானும் அங்கேதான் சாப்பிட்டேன். அவளுடைய மாட்டுக் கொட்டிலில்தான் படுத்தேன். யாருக்கும் பயந்து பேசமாட்டாள். ஊர் அவளைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை, விலக்குவதற்குக் காரணமும் அதுவரை கிடைக்கவில்லை.

"ஏலே காய்ச்சக்காரா" என்றாள் ஒருநாள். அதுதான் எனக்கு அவள் வைத்த பெயர். "சுண்ணாம்பு மிச்சமிருந்தா என் வீட்டுச் செவுத்துக்கு அடிக்கச் சொல்லு ஒங்க ஐயாவ. பாறைக்கு என்னத்துக்கு? கெணத்தடியில ஒருத்தியும் எங்கூடப் பேச மாட்டேங்குறா."

"அது வெடிப்புப் போற கோடு ஆத்தா. ஒன்னை ஒண்ணும் சொல்லலை."

"ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாட்டாமைக்கு யாரு சொல்றது?"

நான் நாட்டாமையிடம் போய்ச் சொன்னேன். "நீ குடை பிடிக்கிறவன். படிச்சவக குத்தம்னு சொன்னாக" என்றார் அவர். ரைட்டரிடம் சொன்னேன். இது சர்க்கார் அகராதி என்றார்.

ஐப்பசி மழை பிடித்தது. எனக்குக் காய்ச்சல் திரும்பியது. கொட்டிலில் கிடந்தேன், பேச்சியம்மாள் திட்டிக்கொண்டே கஞ்சி ஊற்றினாள். அந்த நாட்களில் குமிழ்களைப் பார்க்க யாரும் போகவில்லை. அப்போது கம்பம் மெட்டு வழியாக ஒரு மலையாளத்து மாந்திரீகனை ஊரார் கூட்டி வந்து மலைக்கு அழைத்துப் போனது எங்களுக்குத் தெரியாது. பேச்சியம்மாள் வீட்டைத் தாண்டாமல் வேறு வழியாகப் போயிருந்தார்கள்.

மழை விட்டதும் ஐயா வந்தார். மேல் ஜோடி அசையவில்லை. கீழ் ஜோடி அசையவில்லை. நடுவில் கண்ணாடி இரண்டாக உடைந்து கிடந்தது. சட்டத்தை வைத்தால் முனை பள்ளத்தில் விழவேயில்லை. திருகைப் பல சுற்றுத் திருகித்தான் உட்கார்ந்தது. மூவரும் வாசித்தோம். ஒத்துப்போயிற்று. "மறுபடி" என்றார் ஐயா. மறுபடியும் அதே எண். வெடிப்பு முழுக்க மழைச் சேறு அடைத்திருந்தது. சேறு காய்ந்தபின் பார்க்கலாம் என்று ஐயா சொல்லிவிட்டு, யோசனையோடு கல்லில் உட்கார்ந்தார். கருவி வெளியே இருந்தது. அவர் உட்கார்ந்ததைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

ரைட்டர் அதற்குள் ஊருக்கு இறங்கிவிட்டார். அவருக்குச் செய்தியை முதலில் சொல்வதில் பிரியம். "குற்றம் நகந்துருச்சு" என்று மந்தையில் சொல்லியிருக்கிறார். நாங்கள் இறங்கி வந்தபோது பேச்சியம்மாள் வீட்டுக் கூரையில் பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. நாலைந்து பேர் மீதி ஓலைக் கிடுகுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சட்டி பானைகள் தெருவில் இருந்தன. அவளும் தெருவில் நின்றாள். நாட்டாமை நிதானமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள குச்சனூருக்குப் போயிரு ஆத்தா. ஒன்மேல கோவமில்ல. மலையே நகருது. அது வந்து ஊரு மேல விழுந்தா நாங்க எங்கன போவோம்?"

"குச்சனூருக்குப் போனா அவன் அடிப்பான்" என்றாள் பேச்சியம்மாள். "அதுக்கு மலை விழட்டும்."

ஐயா ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் ஏதோ சொன்னார். பழைய வீடு, பழுது பார்க்கிறார்கள் என்றாராம். ஐயா தலையை ஆட்டிக்கொண்டு தன் பொரி டப்பாவைத் திறந்தார்.

பேச்சியம்மாள் நேராக ஐயாவின் முன்னால் வந்து நின்றாள். ரைட்டரை ஒதுங்கச் சொன்னாள்.

"மறுபடி" என்றாள். மலையைக் காட்டினாள். "மறுபடி!"

ஐயா டப்பாவை மூடினார். வானம் மூடியிருந்தது, வெயில் இல்லை. சட்டப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் ஊரில் அவள்தான் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் குடையோடு ஓடினேன். பேச்சியம்மாள் பின்னால் வந்தாள். அவள் பின்னால் ஊரே வந்தது.

மூன்று ஜோடியையும் அளந்தார். காலையில் வந்த எண்களே வந்தன. நாட்டாமை, "பாத்தியா ஆத்தா?" என்றார். பேச்சியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேற்றை விரலால் கிளறினாள். ஒரு பாதி எலுமிச்சம்பழம் வந்தது. உள்ளே குங்குமம்.

"நாட்டாம, எந்த ஊருல மலை தனக்குத்தானே எலுமிச்சம்பழம் அறுத்து வச்சுக்கும்?"

அவள் மேலும் கிளறினாள். இரும்பு தட்டுப்பட்டது. கைப்பருமன் முளை ஒன்று, வெடிப்புக்குள் தலை மறைய அடித்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.

"கட்டுனோம்" என்றார் நாட்டாமை கடைசியில். "குத்தம் நகராம இருக்க ஆணி அடிச்சுக் கட்டச் சொன்னாரு மலையாளத்துக்காரரு. சம்மட்டிய வச்சு நாங்கதான் அடிச்சோம்."

"நகராம இருக்க அடிச்சீக. அடிச்சதுல நகந்துருச்சு. அதுக்கு என் கூரை."

கடப்பாரை போட்டு முளைகளைப் பிடுங்கினார்கள். கடைசி முளை வந்ததும் குமிழ் இருந்த பாறை 'களுக்' என்று ஒரு சத்தம் போட்டுக் கீழே அமர்ந்தது. எல்லோருக்கும் கேட்டது. ஐயா சுத்தியலை எடுத்து அதைத் தட்டினார். மற்றப் பாறைகளெல்லாம் மணிபோலச் சொல்லும். இது மண்பானைபோலச் சொன்னது. மலையோடு ஒட்டாத பலகைப் பாறை. குமிழ் பதிக்கும் முன் அதைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் தட்டிய மனிதர் இதை மட்டும் தட்டாமல் விட்டிருந்தார்.

ஐயா எழுந்து நின்றார். ஊரார் பக்கம் திரும்பினார். தொப்பியைக் கழற்றினார்.

"மை ஃபால்ட்" என்றார். "என்டயர்லி மை ஃபால்ட்."

எல்லோரும் ரைட்டரைப் பார்த்தார்கள். ரைட்டருக்கு வேர்த்திருந்தது. அவர் அகராதிக்கு விசுவாசமான மனிதர்.

"குற்றம் ஐயாவோடதாம்" என்றார். "முழுக்க முழுக்க ஐயாவோட குற்றமாம்."

நாட்டாமை விடவில்லை. "மனுசன் பொறக்கறதுக்கு முந்தின குத்தம்னு மொதல்ல சொன்னீக?"

"அது வேற" என்றார் ரைட்டர்.

"அவகளே ஒத்துக்கிட்டாகல்ல" என்றாள் பேச்சியம்மாள். "தொப்பியக் கழட்டிச் சொல்றாக. ஒங்கள்ல ஒருத்தன் என்னைக்காவது அப்படிச் சொல்லியிருக்கீகளா?"

அதற்கு மேல் அவளைப் பற்றி அங்கே பேச்சில்லை. குத்தம் யாருடையது என்று தெரிந்துவிட்டது. குத்தம் செய்தவர் ஒத்துக்கொண்டும் விட்டார். மிச்சம் இருந்தது பரிகாரம். ஒருவன் ஓடிப்போய்த் தேங்காய் கொண்டுவந்தான். ஐயாவிடம் ரைட்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஐயா மறுக்கவில்லை. பாறையில் ஓங்கி உடைத்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. ஊர் கும்பிட்டது. ஐயா இரண்டு பாதிகளையும் எடுத்து, உடைந்த ஓரங்களை ஒன்றோடொன்று பொருத்தி, மெதுவாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடு ஜோடியின் எண்களை அவர் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார். மற்ற இரண்டும் தொடங்கிய நாளில் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த முறிவு நகரவில்லை. அதன் வேகம் ஒன்றுமில்லை. இதுதான் முடிவு. குழாய் எப்படியும் வரவில்லை. தோட்டக்காரர்கள் அவர்களுக்குள்ளேயே பிரிந்துவிட்டார்கள். எனக்கு ஐயா ஒரு நற்சான்றுக் கடிதம் தந்தார். பிற்காலத்தில் அதைக் காட்டித்தான் அணைக்கட்டு, சாலை என்று போன இடமெல்லாம் ஏதாவது ஒரு கருவியின் பக்கத்தில் நிற்கும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதில்தான் பிழைத்தேன்.

ஆனால் தேங்காய் உடைத்த அன்றோடு அளக்கிறது முடிந்தது, சாயங்காலம் எனக்கு வேலை இல்லை. ஐயா வண்டியில் போடிக்குப் போய்விட்டார். கம்பளியைச் சுருட்டிக்கொண்டு பேச்சியம்மாளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் கூரையில்லாத வீட்டுக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். மேற்கே மறுபடி கறுத்திருந்தது. கூரையை ஊரே போட்டுத் தரும், ஆனால் இந்த வாரம் நாள் சரியில்லை என்று நாட்டாமை சொல்லி அனுப்பியிருந்தார்.

"எங்கன கெளம்பிட்ட?"

"போடிக்கு."

"அங்க என்ன இருக்கு?"

"தெரியல."

"கூரை மேயத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நீதான் ஏறணும். தெரிஞ்சவன் ஒருத்தனும் குத்தம் வந்து நின்ன இந்த வீட்டு மேல ஏற மாட்டான்."

மறுநாள் காலை பேச்சியம்மாள் வீட்டுக்குக் கூரை மேய்கிற வேலையில் சேர்ந்தேன். கீழே நின்று கிடுகு எடுத்துக் கொடுக்க ஒருவன் வந்தான். முந்தின நாள் அதைப் பிடுங்கியவர்களில் ஒருவன். கிடுகை மட்டும்தான் தொடுவேன், வீட்டைத் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் முதல் கிடுகை நீட்டினான்.